மாப்பிள்ளையின் தொட்டி

செருப்பை வெளியில விடாதீங்க தம்பி, உள்ளயே ஓரமாக் கழட்டி வெச்சுருங்க. இந்த மாடியில ஒரு நாய் சுத்துது. ஜோடியா இருந்தா ஒண்ணை மட்டும் கவ்விட்டுப் போயிரும். ரெண்டையும் கொண்டுட்டுப் போனாக்கூட மனசு ஆறும். ஒண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, சொல்லுங்க.

வாங்க. நீங்கதானே உக்கடம் மீன் கடை நாசர்? மாப்பிள்ளை எப்பப் பாரு நாசர் பாய், நாசர் பாய்னு சொல்லுவாரு. நான் தாடியெல்லாம் வெச்ச பெரியவரா இருக்கும்னு நெனச்சுட்டேன். பாத்தா என்ற மக வயசுதான் இருப்பீங்களாட்ட இருக்குது. தம்பின்னே கூப்பிடறேன், தப்பில்லையே.

மாப்பிள்ளை வெடியால ஆறு மணிக்கே போன் பண்ணிட்டாருங்க. 'அத்தை, நாசர் பாயை அனுப்பி வெக்கறேன், இனித் தொட்டியை அவரு பாத்துக்குவாரு, நீங்க செரமப்பட வேண்டாம்'னாரு. எனக்கு ஒரு மூட்டையை எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. பின்ன என்னங்க. ஆறடித் தொட்டி. கண்ணாடியே ஆறடி. அதுக்குள்ள ஒரு தோட்டம். நான் ஒருத்தி இத்தனை மாசமா இதுங்கூட மல்லுக்கட்டிட்டு இருக்கறேன். நல்லபடியா சர்வீஸ் பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா, அவரு வர்றப்பப் பழையபடி பச்சைப் பசேல்னு இருக்கும்.

டியூப்பை பால்கனி ஓட்டைக்கு விடறீங்களா? விடுங்க, விடுங்க. கீழ் வீட்டுக்காரன் கத்துவான், நான் பேசிக்கறேன்.

மீனை மொதல்ல புடிச்சுருவீங்களா? கவரெல்லாம் கொண்டாந்திருக்கீங்க. அதும் நல்லதுதான். பாத்துப் புடிங்க, அந்தச் சின்னது நீலமும் செவப்புமாக் கோடு போட்டிருக்கே, அது பயந்தா நெறமே வெளுத்துப் போயிருமுங்க. மனுசனாட்டத்தான்.

என்ன தம்பி, தண்ணியை வெரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாக்கறீங்க. சந்தேகமே வேண்டாம், அத்தனையும் சிறுவாணித் தண்ணி. ஒரு சொட்டு போர்த் தண்ணி விட்டதில்லை, என்ற தலைமேல அடிச்சுச் சொல்லுவேன். அதைப் பத்திச் சொல்றேன் இருங்க. மொதல்ல காப்பி கலக்கட்டுங்களா? வேண்டாமா? சரி, தண்ணி வடியறதுக்கு நேரமாகும், அதுக்குள்ள வேணும்னா கேளுங்க.

மக உள்ள இருக்கறா. கதவைச் சாத்திட்டு கம்ப்யூட்டர்ல வேலை. காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டான்னா இடியே விழுந்தாலும் தெரியாது. பூர்ணிமான்னு பேரு. நாங்க பூரணின்னு கூப்பிடுவோம்.

நான் இங்க வந்து மூணாவது வருசமுங்க. எங்கூட்டுக்காரரு தவறுன பின்னால அவிநாசியில தனியா என்னத்துக்குக் கெடக்கறதுன்னு மகதான் கூட்டியாந்தா. மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. லோகநாதன்னு பேரு, பேருக்கேத்த மாதிரிப் பொறுமை. நான் வந்த மறு மாசமே இந்தத் தொட்டியை வாங்கிட்டாருங்க. எனக்குப் பொழுது போகட்டும்னுதான் வாங்கியிருப்பாரு, வாய் விட்டுச் சொல்ல மாட்டாரு. லிப்டுல நொழையாம ஆளுங்க வெச்சு மாடிப்படியில தூக்கியாந்தாங்க. உங்க ஆளுங்கதானோ என்னமோ.

தொட்டி வந்துருச்சு, ஆனா மீனே இல்லை. அடியில கறுப்பு மண்ணு, பவானி ஆத்துக் கல்லு, ஒரு காஞ்ச வேரு. மண்டி போட்டு உக்காந்துட்டு இடுக்கியில ஒவ்வொரு செடியா நட்டாரு. நாத்து நடற பொம்பளை தோத்தா. 'மீன் எங்கீங்க மாப்பிள்ளை?'ன்னு கேட்டேன். 'அத்தை, மொதல்ல செடி வேர் புடிக்கோணும், தண்ணி பழகோணும், அப்புறமேலுக்குத்தான் மீனு'ன்னாரு. தண்ணியில என்னங்க பழகறதுக்கு இருக்குது? எனக்குப் புரியலை. நான் பாட்டுக்கு ஒரு கல்லு சாஞ்சு கெடக்குதேன்னு கையை விட்டு நேரா வெச்சேன். மண்ணெல்லாம் எழும்பிப் பால் மாதிரிக் கலங்கிப் போச்சு. அவரு திட்டலை. 'அத்தை, இதுல கை வெச்சா கலங்கும். சும்மா விட்டுட்டா தானே தெளிஞ்சுரும்'னாரு. அவ்வளவுதான். நானாயிருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அப்புறம் பாருங்க, ஆபீஸுல இருந்து வந்தாருன்னா நேரா இந்தச் சேருதான். ஹாலுக்கு முதுகைக் காட்டிட்டுத் தொட்டியைப் பாத்துட்டு உக்காந்துக்குவாரு. நானும் மகளும் பேசறது அவரு காதுல விழும், ஆனா திரும்ப மாட்டாரு. மீனைப் பாக்கற ஆளு மனுசரைப் பாக்க மாட்டாரான்னு பூரணி கேப்பா. நான்தான் சொல்லுவேன், 'விடு கண்ணு, குடிச்சுட்டு வராரா, சீட்டாடறாரா. மீனைத்தானே பாக்கறாரு'ன்னு. அவருகிட்டயும் போய்ச் சொல்லுவேன், 'மாப்பிள்ளை, பூரணி இப்படிக் கேக்கறா, மனசுல வெச்சுக்காதீங்க'ன்னு. அவரு என்ன சொன்னாருன்னு மறுபடி அவகிட்டச் சொல்லுவேன். ரெண்டு பேரு நடுவுல ஒருத்தரு இருந்தா நல்லதுங்க. புருசன் பொண்டாட்டி நேருக்கு நேராப் பேசுனா வார்த்தை தடிச்சுரும்.

நான் எதுலயும் தலையிட மாட்டனுங்க. எங்க சனத்துல கேட்டுப் பாருங்க. அவங்க ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டுச் சத்தம் போட்டா, நான் ஒரு டம்ளர் பாலைக் கொண்டுட்டுப் போய்க் கதவைத் தட்டுவேன். அவ்வளவுதான். பாலைக் குடுக்கற சாக்குல சித்த நேரம் கட்டல்ல உக்காருவேன். நான் உக்காந்திருந்தா ரெண்டு பேரும் பேச்சை நிப்பாட்டிக்குவாங்க. சண்டை வராம இருக்கறதுக்கு வேற என்ன வழி?

வடியுதுங்களா தம்பி? நல்லா இழுக்குது டியூப்பு. பாதி எடுத்தாப் போதாதா? மாப்பிள்ளை எப்பவும் கொஞ்சந்தான் எடுத்துட்டு மாத்துவாரு. முழுக்க எடுக்கோணுமா? சரி, உங்களுக்குத் தெரியாததா.

கல்யாணமாகி ஆறு வருசமாச்சு, கொழந்தை இல்லை. இதைப் பத்தி ஆராவது பேசோணுமா வேண்டாமா? அவங்க ரெண்டு பேரும் வாயே தொறக்கலை. ஒரு நாளு நான் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டேன். கோபிச்செட்டிபாளையத்துல இருக்கறாங்க. நல்ல விதமாத்தானுங்க கேட்டேன். 'எங்க புள்ளையை ரெண்டு டாக்டர்கிட்டக் காட்டியாச்சு, ஒரு கொறையும் இல்லைன்னுட்டாங்க. உங்க பையனையும் ஒரு வாட்டி காட்டுனா என்ன'ன்னு. கேட்டது ஒரு குத்தமா? அன்னைக்குப் பொழுதோட அந்தம்மா மகனைக் கூப்பிட்டு என்ன சொன்னாங்களோ. மாப்பிள்ளை வந்தாரு, சட்டையைக்கூடக் கழட்டலை, இந்தத் தொட்டிக்குள்ள கையை விட்டுக்கிட்டு வளஞ்ச கத்தரியில செடியை நறுக்கிட்டே இருந்தாரு. நறுக்கி நறுக்கி மேல பூராவும் எலையா மெதந்துச்சு. பூரணி என்னைப் பாத்து, 'நீ எதுக்கும்மா பேசுன?'ன்னு ஒரே ஒரு வார்த்தை. 'உனக்காகத்தான்டி'ன்னேன். வேற ஆருக்காகப் பேசறேன் நான்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் வீடே நெம்ப அமைதியா இருந்துச்சுங்க. ஒரு சண்டை கெடையாது. சரி, எல்லாம் அடங்கிருச்சுன்னு நான் மருதமலைக்குப் போயிட்டு வந்தேன். பாத்தா, மாப்பிள்ளைக்குப் பூனாவுல வேலைன்னாங்க. ஆபீஸுல போட்டுட்டாங்களாம். பெரிய பெட்டி ரெண்டு, சின்னது ஒண்ணு. இஸ்திரிப் பெட்டியை எடுத்து வெச்சாரு. அவங்கப்பா போட்டோவைச் செவுத்துல இருந்து எடுத்து வேட்டியில சுத்தி வெச்சாரு. 'பூனாவுல இஸ்திரிப் பெட்டி கெடைக்காதுங்களா மாப்பிள்ளை'ன்னு நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. பூரணி பால்கனியில துணி மடிச்சுட்டு இருந்தா. மடிச்சதையே உதறி உதறி மறுபடி மடிச்சுட்டு இருந்தா.

போகையில என்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனாரு. அவகிட்ட இல்லை, என்கிட்ட. 'அத்தை, தொட்டியை உடனே அசைக்க முடியாது. கொஞ்ச நாளைக்கு நீங்க பாத்துக்கோணும்'னு. அந்தக் கொரலைக் கேட்டிருந்தீங்கன்னா நீங்களும் சரின்னுதான் சொல்லியிருப்பீங்க. எனக்கு அப்பத்தான் நெஞ்சு நெறஞ்சுச்சு. ஒரு மனுசன் உசுரா வளத்ததை விட்டுட்டுப் போறான்னா திரும்பி வரத்தானே போறான்? கொழந்தையை மாமியாகிட்ட விட்டுட்டுப் போற மாதிரி. இது நல்லா இருந்தா அவரு வருவாரு. அவரு வந்தா அவ நல்லா இருப்பா. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இதுல ஒரு எலை வாடக் கூடாதுன்னு.

எல்லாம் சொல்லிக் குடுத்தாரு. சாப்பாடு ஒரு சிட்டிகைதான். லைட்டு தானா எரியும், தானா அணையும். அந்த கேஸ் சிலிண்டரைத் தொடக் கூடாது. அது செடி மூச்சு விடறதுக்காம், சோடாக் கேஸுதான், வெடிக்காதுன்னாரு. கடைசியா ஒண்ணைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. 'அத்தை, சிறுவாணித் தண்ணிதான் ஊத்தோணும். போர்த் தண்ணி உப்பு. உப்பு மட்டும் ஆகவே ஆகாது. செடி கரைஞ்சு போயிரும்.'

எங்க ப்ளாட்டுல சிறுவாணி சமையக்கட்டுக் கொழாயில மட்டுந்தான் வரும், அதும் தெனமும் வராது. மத்ததெல்லாம் உப்புத் தண்ணி. தண்ணி வர்ற அன்னைக்கு நான் எந்திரிச்சு ட்ரம்முல புடிச்சு வெச்சு, கொடங் கொடமா ஸ்டூல் மேல ஏறி ஊத்துவேன். இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு. நாங்க குடிக்கறதுக்கு கேன் தண்ணி வாங்குனோமுங்க, மீனுக்குச் சிறுவாணி. அசோசியேசன் செக்ரட்டரி கேட்டான், 'ஏனுங்கம்மா, மீன் சிறுவாணி கேட்டுச்சா'ன்னு. 'மீன் கேக்கலை சாமி, எங்க மாப்பிள்ளை கேட்டாரு'ன்னேன். 

லைட்டுல மட்டும் ஒரு சின்ன மாத்தம் பண்ணுனேன். அது சரியா வெளக்கு வெக்கற நேரத்துக்கு அணைஞ்சு போகுது. வெள்ளிக்கெழமை பொழுதோட வீட்டுல வெளக்கு அணையலாமுங்களா? சொல்லுங்க. அதனால அந்த டைமர் முள்ளைத் திருப்பி, நாங்க தூங்கற வரைக்கும் எரியற மாதிரி வெச்சுட்டேன். ஹாலே வெளிச்சமா இருந்துச்சு. ஆள் இருக்கற வீடு மாதிரி.

மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. எதுத்த வீட்டு விசாலம் இருக்கறாளே, அவ வீட்டுக்கு வந்த ஒறம்பரைச் சனத்தையெல்லாம் கூட்டியாந்து காட்டுனா. சினிமாவுக்கு வந்த மாதிரி வரிசையா நின்னு பாத்தாங்க. போகையில அவ சொன்னா, 'பாவம், மாப்பிள்ளை ஊர்ல இல்லாமயே இத்தனை அழகா வெச்சிருக்கீங்க'ன்னு. அந்தப் பாவம் எதுக்குங்க? எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. அடுத்த வாரமே கண்ணாடியெல்லாம் பச்சையாப் பாசி. அந்தப் பெரிய மீனு, ரெக்கை விரிச்ச மாதிரி இருக்குமே, ஏஞ்சலு, ஜோடியாவே சுத்தும், அதுல ஒண்ணு மல்லாந்துருச்சு. இன்னொண்ணு அந்த வேருக்கு அடியில போய் நின்னுது பாருங்க, எறை போட்டாலும் வரலை.

கண்ணுதான். வேற என்ன. விசாலம் கண்ணு அப்படி. அவ பாத்துட்டுப் போன முருங்கை காச்சதில்லை.

அதுக்கப்புறந்தான் நான் சுத்திப் போட ஆரம்பிச்சேன். செவ்வா வெள்ளி ரெண்டு நாளும், பொழுதோட, கை நெறையக் கல்லுப்பு. தொட்டியை இந்தப் பக்கம் மூணு சுத்து, அந்தப் பக்கம் மூணு சுத்து. அப்படியே செவுத்துல இருக்கற கல்யாணப் போட்டோவுக்கும் சேத்துச் சுத்திருவேன். உங்க பக்கம் எப்படின்னு தெரியலை தம்பி, எங்க பக்கம் அந்த உப்பைத் தண்ணியில போட்டுரோணும். உப்பு கரையக் கரையக் கண்ணு கரையும். ஊருல கெணத்துல வீசுவோம். இங்க கெணத்துக்கு எங்க போறது? சிங்குல போட்டா எச்சித் தண்ணியோட போகுது, அது ஆகாது. நாலு கால் மிதிக்கற எடத்துல கொட்டவும் கூடாது. யோசிச்சுப் பாத்தேன். கண்ணுக்கு எதுக்காலயே இத்தனை தண்ணி நிக்குது. தொட்டிக்குச் சுத்துன உப்பு தொட்டியிலயே கரையறதுதானே நாயம்?

போட்டேன். நீங்க பாக்கோணும், அந்தக் கல்லு மெதுவா எறங்கிப் போய்ச் செடிக்கு நடுவுல உக்காந்து, அப்படியே காணாமப் போகும். பாக்கவே மனசுக்கு எதமா இருக்கும்.

என்ன கேட்டீங்க? உப்பாங்களா? ஐயோ இல்லீங்க, அது உப்புத் தண்ணி, போர்த் தண்ணி. அதைத்தான் ஆகாதுன்னாரு. இது திருஷ்டி உப்பு. அது வேற, இது வேற.

ஆனா கண்ணு லேசுல போகலைங்க. அத்தனை பேரு கண்ணு பட்டிருக்குது. மொதல்ல முன்னால இருந்த புல்லு மஞ்சளாச்சு. கொத்தமல்லித் தழை மாதிரி ஒண்ணு இருந்துச்சே, அது தொட்டாக் கையோட வந்துச்சு. அப்புறம் அந்த நெட்டைக் கோரை. எலை கண்ணாடி மாதிரி ஆகி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் அப்படியே கரைஞ்சு போகும். வெடியால எந்திரிச்சுப் பாத்தா நேத்து இருந்தது இன்னைக்கு இருக்காது. நான் ரெண்டு கை உப்பாக்குனேன். அமாவாசைக்குத் தனியாப் போட்டேன். நிக்கலை. நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்க. பக்கத்துலயே உக்காந்திருக்கறேன், கண் முன்னால கரையுது, புடிச்சு நிறுத்தறதுக்கு ஒரு கைப்பிடி இல்லை.

ஞாயித்துக்கெழமையானா மாப்பிள்ளை வீடியோவுல கூப்பிடுவாரு. 'அத்தை, தொட்டியைக் காட்டுங்க'ம்பாரு. நான் போனைத் தூக்கிட்டு இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் சாமி தேர் மாதிரி மெதுவாக் கொண்டுட்டுப் போவேன். அப்படியே சந்தடி சாக்குல பூரணி பக்கம் திருப்புவேன். அவ எந்திரிச்சு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருவா. வெக்கம். இவரு, 'அத்தை, செடிப் பக்கம் திருப்புங்க'ம்பாரு. அவருக்கும் வெக்கம். ஆறு வருசம் கழிச்சு இத்தனை வெக்கம் எங்க இருந்து வந்துச்சோ.

ஒரு வாட்டி அப்படிப் பேசிட்டு இருக்கையில, அவரு பின்னால ஒரு பஸ்ஸுச் சத்தம். கண்டக்டர் விசிலு. 'காந்திபுரம், காந்திபுரம், காந்திபுரம்'னு ஒருத்தன் கூவறான். எனக்குக் காது நல்லாக் கேக்குமுங்க, கண்ணுதான் மங்கல். போனை வெச்சுட்டு மககிட்டச் சொன்னேன், 'பாரேன் பூரணி, பூனாவுலயும் நம்மூராட்ட ஒரு காந்திபுரம் இருக்குது'ன்னு. அவ என்னையே பாத்துட்டு இருந்தா. அப்புறம், 'ஆமாம்மா, காந்தி பேரு இல்லாத ஊரு ஏது'ன்னா. நெசந்தானே? எல்லா ஊருலயும் வெப்பாங்க. ஆனா கூவுனது தமிழாட்ட இருந்துச்சு. அதை நான் அவகிட்டக் கேக்கலை. எல்லாத்தையும் கேட்டுட்டே இருக்க முடியுமுங்களா.

செடி கரையறதைப் பாத்துட்டு அவரு கேட்டாரு, 'அத்தை, உப்புத் தண்ணி எதாவது கலந்துருச்சா?'ன்னு. எனக்கு அழுகையே வந்துருச்சு. 'மாப்பிள்ளை, நாங்க கேன் தண்ணி குடிச்சுட்டு இதுக்குச் சிறுவாணி ஊத்தறோம். ஒரு சொட்டு உப்புத் தண்ணி பட்டிருந்தா என்ற கை அழுகிப் போகட்டும்'னேன். அவரு, 'பரவால்லைங்க அத்தை, விடுங்க. நீங்க எதும் பண்ண வேண்டாம், சும்மா விடுங்க'ன்னாரு. சும்மா விடுங்கன்னா எப்படி விடறது? கண்ணுக்கு முன்னால போறதைச் சும்மா பாத்துட்டு இருக்கறதுக்கு நான் என்ன கல்லா?

அட, வடிஞ்சே போச்சு. வெறும் மண்ணாத் தெரியுது. இத்தனை நாளும் தண்ணி இருந்ததுனால கொஞ்சமாச்சும் பச்சையாத் தெரிஞ்சுது. இப்பப் பாத்தா ஒண்ணுமே இல்லை. அந்தக் காஞ்ச வேருதான் நிக்குது.

மண்ணையும் அள்ளறீங்களா? கல்லையுமா? சர்வீஸுக்கு மண்ணெல்லாம் எதுக்கு தம்பி? கழுவிட்டுப் பழையபடி இங்கயே போடறதுதானே. ஸ்டேண்டைக் கழட்டறீங்க. கீழ வண்டியில ஆளு நிக்கறாங்களா? இருங்க, எனக்குப் புரியலை. கடையில வெச்சுச் செஞ்சு, அப்புறம் கொண்டாந்து வெப்பீங்களா? எத்தனை நாளாகும்?

எங்கீங்க?

சரவணம்பட்டிக்கா?

சரவணம்பட்டியில என்ன இருக்குது?

மாப்பிள்ளை வீடா.

சரவணம்பட்டி. இங்க இருந்து ஒரே பஸ்ஸு. காந்திபுரத்துல எறங்கி ஏறுனாக்கூட ஒரு மணி நேரத்துல போயிரலாம்.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. நீங்க ஏன் கையை நிறுத்திட்டீங்க, வேலையைப் பாருங்க. பூனாவுல வேலை முடிஞ்சு வந்திருப்பாரு. வந்தவரு ஆபீஸுக்குப் பக்கமா இருக்கட்டும்னு எடுத்திருப்பாரு. எப்ப எடுத்தாரு? மாசி மாசமா?

மாசியிலதானுங்களே இங்க இருந்து கெளம்புனாரு.

பூரணி. பூரணி, சித்த வெளிய வா கண்ணு. தம்பி தொட்டியைக் கொண்டுட்டுப் போறாரு. ஒரு பார்வை பாத்துட்டுப் போ.

பாத்தீங்களா, வந்து நிக்கறா. எப்பவுமே இப்படித்தான், கதவுல சாஞ்சுட்டு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிருக்கறா. நான் பெத்தவ. எனக்குத் தெரியாமயா இருக்கும். தெரிஞ்சா மட்டும் என்ன பண்ணிருவேன், அதைச் சொல்லுங்க. நீ சொல்லு பூரணி, தம்பிகிட்ட என்னமோ சொல்ல வந்தியே. ஆமா, அந்த வளஞ்ச கத்தரி. அவரோடதுதான். இடுக்கியும். எடுத்துக் குடு. துணியில சுத்திக் குடு கண்ணு, கூரா இருக்கும்.

கேட்டீங்களா அவ சொன்னதை? 'அம்மா, கூட எதையும் போட்டு விடாத. விட்டுரு'ன்னுட்டுப் போறா. அவரு சொன்ன அதே வார்த்தை. ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தானுங்க பேசறாங்க. பின்ன எதுக்குத் தனித்தனியா இருக்கறாங்களோ.

தம்பி, அந்த ஒத்தை ஏஞ்சலைத் தனிக் கவர்லயே வெச்சுருங்க. ஜோடி வாங்கி விடச் சொல்லுங்க. பாவம், இல்லைன்னா எறை எடுக்க மாட்டேங்குது. சரவணம்பட்டியில என்ன தண்ணிங்க வருது? போர்த் தண்ணியா? அதுதான் பாத்தேன். ட்ரம்முல சிறுவாணி இருக்குது. ரெண்டு கேன்ல புடிச்சுத் தர்றேன், வண்டியில வெச்சுக்கங்க. மொத நாளைக்காச்சும் நல்ல தண்ணியில இருக்கட்டும். அதெல்லாம் கனமில்லை, நான் தூக்கியாறேன்.

மெதுவா. கதவு நெலையில இடிச்சுராதீங்க. தொட்டி வந்தப்ப ஆளுங்க கத்திட்டு வந்தாங்க, போகையில சத்தமே இல்லாமப் போகுது பாருங்க. செவுத்துல அந்த எடம் மட்டும் சுண்ணாம்பு வெளுத்துத் தெரியுது. வேற என்னத்தையாச்சும் வெக்கோணும் அங்க.

இருங்க தம்பி, ஒரு நிமிசம். அவ உள்ள போயிட்டாளா? கதவைச் சாத்திட்டா. இந்தாங்க, இந்தப் பொட்டணத்தைச் சட்டைப் பையில வெச்சுக்கங்க. கல்லுப்புதான். இப்பத்தான், தண்ணி புடிக்கப் போனப்ப நான் சுத்தி எடுத்தேன், அவரை மனசுல நெனச்சு. புது எடம், புது வீடு, தனியா வேற இருக்கறாரு. ஆரு ஆரு கண்ணெல்லாம் படுமோ. செடி நட்டுத் தண்ணி ஊத்துன ஒடனே, அவரு அக்கட்டால போற நேரம் பாத்து இதை உள்ள போட்டுருங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? வாங்கிக்கங்க தம்பி. என்னால ஆகறது இது ஒண்ணுதான். மாப்பிள்ளைகிட்ட நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம். தண்ணியில கரைஞ்சுட்டா ஆருக்குத் தெரியப் போகுது.